உங்களிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்?

சேலத்தில் தொழில் நடத்தும் யாரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரே எண்ணில் பதில் வராது. "நம்ம கம்பெனி ஆளுங்க எட்டுப் பேருங்க. அப்புறம் மேஸ்திரி ஆளுங்க கொஞ்சம் இருக்காங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் செய்யறவங்க நாலஞ்சு குடும்பம். ரெண்டு பசங்க ட்ரெய்னிங்ல இருக்கானுங்க. சீசன்ல இன்னும் கொஞ்சம் பேர் வருவாங்க." எட்டில் ஆரம்பித்த கணக்கு, பேசி முடிப்பதற்குள் இருபத்தைந்தைத் தொட்டிருக்கும். ஆனால் பிஎஃப் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டால் அதே முதலாளி மறுபடி எட்டுக்கு இறங்கிவிடுவார்.

தொழிலாளர் சட்டம் என்றாலே முதலாளிகளுக்கு எரிச்சல். கெடுபிடி அதிகம், வருகிற அதிகாரிக்கெல்லாம் பதில் சொல்லியே பொழுது போகிறது என்பார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருந்துகொண்டு நான் கவனித்தது வேறு. தகராறு முற்றி ஃபைல் மேஜைக்கு வரும்போது, சம்பளம் எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்பதெல்லாம் பின்னால் போய்விடும். 'அவர் எங்கள் ஆளே இல்லை' என்ற ஒரு வரியில்தான் பெரும்பாலான சண்டைகள் வந்து நிற்கின்றன. யார் தன் ஆள், யார் இல்லை என்பதை முதலாளி தன் வசதிப்படி முடிவு செய்துகொள்கிறார். சட்டம் எண்ணும் விதம் வேறு.

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், எந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதே தலைக்கணக்கில்தான் இருக்கிறது. 10 பேர் இருந்தால் இஎஸ்ஐ, பணிக்கொடை (கிராஜுவிட்டி), பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு. 20 என்றால் பிஎஃப், போனஸ். 50 என்றால் குழந்தைகள் காப்பகம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 29 மத்தியச் சட்டங்களை உள்வாங்கிக்கொண்டதோடு சில எண்களை மேலே ஏற்றியும் இருக்கின்றன. மின்சாரத்தில் ஓடும் பட்டறை 'தொழிற்சாலை' ஆவதற்கு முன்பு 10 பேர் போதும், இப்போது 20. மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20 என்று இருந்தது 40 ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 20-லிருந்து 50-க்கும், நிலையாணைகள் என்ற எழுத்துப்பூர்வமான வேலை விதிகள் 100-லிருந்து 300-க்கும் போய்விட்டன.

உடனே "சின்ன கம்பெனிக்கு இனிமே ஒண்ணும் கிடையாதாம்" என்று டீக்கடை வரைக்கும் செய்தி பரவிவிட்டது. அது பாதிதான் உண்மை. பிஎஃப்புக்கு 20, இஎஸ்ஐக்கும் பணிக்கொடைக்கும் 10 என்பதில் மாற்றமில்லை. குறைந்தபட்சக் கூலி முன்பு அரசு அட்டவணையில் சேர்த்த தொழில்களுக்கு மட்டும்தான் இருந்தது; புதிய ஊதியத் தொகுப்பில் அது எல்லா வேலைக்கும் வந்துவிட்டது, ஒரே ஒரு ஆள் வைத்திருப்பவருக்கும் சேர்த்து. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பிஎஃப்பிலும் இஎஸ்ஐயிலும் ஒருமுறை எல்லைக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்துவிட்டது என்று சொல்லி வெளியே போக முடியாது. தீபாவளிக்கு 21 பேரை வைத்து ஓட்டிவிட்டு, தை மாதம் 14 பேராகக் குறைத்துக்கொண்டவர், 'இப்போது 14 பேர்தானே' என்றால் அது எடுபடாது.

கொலுசுக் கூலி

சேலத்து வெள்ளிக் கொலுசை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார். சிவதாபுரம், பனங்காடு பக்கத்துப் பட்டறைகளிலும் வீடுகளிலும் அது கம்பியாகி, வளையமாகி, பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகேறிக் கொலுசாகத் திரும்புகிறது. சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. வேலை செய்கிறவர் வியாபாரியின் கடையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது. 'ஜாப் ஒர்க்' என்று பெயர் வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று வியாபாரி நினைக்கிறார்.

நீதிமன்றங்கள் இதை அவ்வளவு சுலபமாக முடித்துவிடுவதில்லை. செகந்திராபாத் தையல் கடை ஒன்றின் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் இதைத்தான் அலசியது. தையல்காரர்களுக்குத் துணிக்கு இவ்வளவு என்று கூலி. நேரக் கட்டுப்பாடு கிடையாது. சிலர் துணியை வீட்டுக்கே எடுத்துப் போய்த் தைத்தார்கள். இருந்தாலும் அவர்கள் கடையின் பணியாளர்களே என்று தீர்ப்பானது. 1985-ல் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களுக்கும் பிஎஃப் உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டு வழக்குகளிலும் கனமாக நின்ற ஒரு கேள்வி: வேலை சரியில்லை என்றால் அதைத் தள்ளிவிடும் உரிமை யாரிடம் இருக்கிறது? "பத்தவெப்பு சரியா ஏறல, பிரிச்சுப் பண்ணிட்டு வா" என்று வியாபாரி சொல்ல முடிகிறதா? முடிகிறது என்றால், கட்டுப்பாடு அவர் கையில்தான் இருக்கிறது என்று வாதிட அது பெரிய பிடி.

இதனால் கூலிக்கு வேலை எடுப்பவர் எல்லாரும் வியாபாரியின் ஆள் ஆகிவிட மாட்டார். சொந்தப் பட்டறை, சொந்த மிஷின், தன் கீழே நான்கு ஆள், ஐந்தாறு வியாபாரிகளிடம் வேலை எடுக்கிறார் என்றால் அவர் தனித் தொழில்காரர். அந்த நான்கு பேருக்கு அவரே முதலாளி. சிக்கலெல்லாம் நடுவில் இருப்பவர்களிடம்தான். வருடக்கணக்காக ஒரே வியாபாரியிடம் மட்டும் வேலை எடுத்து, அவர் வாங்கிக் கொடுத்த மிஷினில், அவர் சொன்ன டிசைனைச் செய்துகொண்டிருக்கும் குடும்பம் எந்தப் பக்கம்? என் கருத்தைக் கேட்டால், வியாபாரியின் பக்கம்தான்.

அதே தர்க்கத்தை 1978-ல் ஒரு ஹைதராபாத் தியேட்டர் வழக்கிலும் பார்க்கலாம். கேன்டீனும் சைக்கிள் ஸ்டாண்டும் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. அங்கே வேலை பார்த்தவர்களைத் தியேட்டர் முதலாளி நியமிக்கவில்லை, சம்பளம் கொடுக்கவில்லை, பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் இஎஸ்ஐ கணக்கில் அவர்கள் தியேட்டரின் ஆட்கள்தான் என்றது உச்ச நீதிமன்றம். சைக்கிளை எங்கே விடுவது என்ற கவலையில்லாமல் ஜனங்கள் படம் பார்க்க வருவது தியேட்டரின் தொழிலுக்கு உதவுகிறது அல்லவா?

ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட நம் ஊரில் இன்னொரு வழி உண்டு: மனைவி பெயரில் ஒரு யூனிட், மச்சான் பெயரில் ஒரு யூனிட். மூன்றிலும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர். ஜிஎஸ்டி எண்கூடத் தனித்தனி. ஆனால் கிளைகளும் பிரிவுகளும் ஒரே நிறுவனத்தின் பகுதிகள் என்று பிஎஃப் சட்டம் சொல்கிறது. அதிகாரி வந்து பார்க்கும்போது ஒரே கரண்ட் சர்வீஸ், ஒரே வாட்ச்மேன், ஒரே கணக்குப்பிள்ளை, இங்கிருந்து அங்கே மாறி மாறி வேலை பார்க்கும் ஆட்கள் என்றால், மூன்று பன்னிரண்டும் சேர்ந்து முப்பத்தாறு ஆகிவிடும். இப்போது வாட்ஸ்அப்பும் இருக்கிறது. பதிவேட்டில் 9 பேர், 'ஸ்டாஃப்' குரூப்பில் 23 பேர் என்று இருந்தால் எதை நம்புவார்கள்? ஜிபேயில் மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை போனதும் அழியாத சாட்சிதான்.

பிறகு கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஒரு உதாரணம். கணக்கில் வராமல் விட்டது 8 பேர், ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம், மூன்று வருடம் என்று வைப்போம். தொழிலாளி பங்கு 12 சதவீதத்தை அந்தந்த மாதமே பிடித்திருக்க வேண்டும். விட்டுவிட்டு இப்போது அவரிடம் கேட்க முடியாது. ஆக 24 சதவீதமும் முதலாளியின் கையிலிருந்து. மாதம் 23,040 ரூபாய், 36 மாதத்துக்கு 8,29,440 ரூபாய். இதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் அபராதம். அன்றைக்கே ஒழுங்காகக் கட்டியிருந்தால் முதலாளியின் பங்கு இதில் பாதிதான்.

பயிற்சியாளர் என்ற பெயரும் இப்படித்தான். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்து எடுத்தால் அவர் உண்மையிலேயே தனி வகை, பிஎஃப் கிடையாது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் அப்படிச் சிலரை எடுத்தே ஆகவேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஒரு காகிதமும் இல்லாமல் 'ட்ரெய்னி' என்று கூப்பிடுவதால் மட்டும் யாரும் பழகுநர் ஆகிவிட மாட்டார்.

அட்வான்ஸ்

எடப்பாடி, ஜலகண்டாபுரம், இளம்பிள்ளைப் பக்கம் விசைத்தறித் தொழிலில் அட்வான்ஸ் இல்லாமல் ஆள் கிடைக்காது. மகளுக்குக் கல்யாணம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று தறிக்காரர் கேட்பார். முதலாளியும் கடன் வாங்கியாவது கொடுப்பார். கொடுத்தவர் மனதில் அது உதவி. "ஆபத்துக்குக் கொடுத்தேனுங்க, இப்ப என்னையே கேஸ்ல இழுக்கறாங்க" என்று அங்கலாய்ப்பதில் பொய் இல்லை.

அட்வான்ஸ் கொடுப்பது குற்றமில்லை. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கேட்பது, அந்தப் பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப் போட்டீர்களா என்பதை. கடன் தீரும்வரை வேறு தறிக்குப் போகக் கூடாது, கூலியைக் குறைத்துப் பிடித்துக்கொள்வேன், நீ ஊருக்குப் போனால் உன் பெண்டாட்டி வந்து ஓட்ட வேண்டும் என்று பேச்சு வந்துவிட்டால் அது கொத்தடிமை முறை. அப்போது கடனே செல்லாது. திருப்பிக் கேட்கவும் முடியாது. மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனையும் உண்டு. விசாரிப்பது கலெக்டர், ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) மட்டத்தில். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமான வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறுகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் பேசிய மீட்டர் கூலியையே இன்றும் கொடுத்துக்கொண்டிருப்பவர் தனக்கே தெரியாமல் அந்த எல்லைக்குக் கீழே போயிருக்கலாம்.

கொடுப்பதைப் பேங்க் வழியாகக் கொடுங்கள். வட்டி வேண்டாம். மாதம் எவ்வளவு பிடிப்பது என்று இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆள் போகிறேன் என்றால் விட்டுவிட்டு, பாக்கிக்குச் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். "கோர்ட்டுக்குப் போனா எந்தக் காலத்துல வரும்?" என்பார்கள். வராமலும் போகலாம். அந்த நஷ்டத்தைத் தாங்க முடிகிற அளவுக்குத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வேலை நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாரம் 48 மணி நேரம், அதற்கு மேல் இரட்டைச் சம்பளம் என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறி, பெரிய எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சண்டை நடந்த நாட்களிலும் தறிக்கூடங்களில் பகல் 12, இரவு 12 என்று ஷிப்ட் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விபத்தைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை; ஆனால் முதலாளியை ஒரே நாளில் சாய்ப்பது அதுதான். 30 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்துபோனால், மாதச் சம்பளம் 15,000 என்று கணக்கிட்டு, அதில் பாதியை 207.98 என்ற வயதுக் காரணியால் பெருக்குவார்கள். 15,59,850 ரூபாய் வரும். முதலாளிதான் கொடுக்க வேண்டும். அதே ஆள் இஎஸ்ஐயில் இருந்தால் அந்தப் பொறுப்பு இஎஸ்ஐ கழகத்துக்குப் போய்விடும். அதற்கு முதலாளி மாதம் கட்டும் 3.25 சதவீதம், 15,000 ரூபாய்க்கு 487 ரூபாய் 50 காசு. வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும் சூழ்நிலையைப் பொறுத்து இதில் சேரும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. நைட் ஷிப்டுக்கு பைக்கில் வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

கடைவீதியும் மலையும்

பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. 10 பேர் உள்ள எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும்: தலைமை ஒரு மூத்த பெண் பணியாளர், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். குழு இல்லையென்றால் 50,000 ரூபாய் அபராதம். பெரிய ஜவுளிக் கடைகளில் சுவரில் போர்டு தொங்குகிறது. ஆனால் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று மூன்றாவது மாடியில் சேலை எடுத்துப் போடும் பெண்ணைக் கேட்டால் தெரியாது. இந்தச் சட்டத்தில் 'பணியாளர்' என்பதன் விளக்கம்தான் என்னை ஈர்ப்பது. நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பயிற்சியாளர், சம்பளமே வாங்காதவர்; ஒப்பந்தக்காரர் அமர்த்தியது முதன்மை முதலாளிக்கு (வேலை யாருக்காக நடக்கிறதோ அவருக்கு) தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் சரி. கூட்டிப் பெருக்க ஏஜென்சி அனுப்பும் அம்மாவும் இதில் அடக்கம். 10 பேருக்குக் கீழே உள்ள இடமென்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். ஆக, 'நாங்கள் எட்டுப் பேர்தான்' என்பது இங்கேயும் உதவாது.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். கேரளாவுக்கு அடுத்து நாம். பல கடைகளில் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார்.

சரி, ஏற்காட்டுக்குப் போவோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது. எஸ்டேட் வேலைக்கென்று 1951-ல் தனிச் சட்டம் வந்தது. பின்னால் திருத்தப்பட்ட அந்தச் சட்டம், ஐந்து ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால் வீடு, மருத்துவம், குடிதண்ணீர் எல்லாம் முதலாளி பொறுப்பு என்றது. இன்று அது பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. மலையில் மாறியிருப்பது வேறு. சில்வர் ஓக் நிழலில் காபியும், மரத்தில் ஏறும் மிளகும் இருந்த எஸ்டேட்டின் ஒரு மூலையில் இப்போது ஆறு காட்டேஜ். திங்கள் முதல் வெள்ளிவரை பழம் பறித்த அதே அம்மா சனி, ஞாயிறில் காட்டேஜில் பெட்ஷீட் மாற்றுகிறார். அவர் தோட்டத் தொழிலாளியா, ஹோட்டல் ஊழியரா? விடுப்பு, நேரம், கூலி விகிதம் எல்லாமே இரண்டுக்கும் வெவ்வேறு. முதலாளிகள் பொதுவாக எது மலிவோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சம்பளச் சீட்டில் எந்த நாள் எந்த வேலை என்று பிரித்து எழுதினால் பாதித் தகராறு வராது. எழுதும் எஸ்டேட்டை நான் பார்த்ததில்லை.

மலையில் உள்ளூர் ஆள் கிடைக்காமல் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கீழே ஹோட்டல், கட்டுமானம், சேகோ (ஜவ்வரிசி) ஆலை எங்கும் இதே கதைதான். ஏஜென்ட் ஒருவர் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அவர் ஓடிப்போனால்? சம்பளத்துக்கு முதன்மை முதலாளிதான் பொறுப்பு. 'ஏஜென்டிடம் கொடுத்துட்டேனே' என்ற பதில் செல்லாது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, பல முதலாளிகளுக்குத் தங்களிடம் இருப்பவர்களின் முழுப் பெயரும் ஊரும்கூடத் தெரியவில்லை. ஊரிலிருந்து குடும்பத்தார் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆதார் நகல், வீட்டு ஃபோன் நம்பர், சேர்ந்த தேதி ஆகியவற்றை எழுதி வைக்கச் சட்டம் தேவையே இல்லை.

"நாளையிலிருந்து வர வேண்டாம்"

வாயால் சொல்லி அனுப்புவது நம் ஊர்ப் பழக்கம். அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை வருடம் வழக்கு ஓடும் என்பதைச் சேலம் தொழிலாளர் நீதிமன்றத்து வராந்தாவில் நின்றால் தெரியும். 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. தப்புச் செய்தார் என்றால் நோட்டீஸ் வேண்டாம். ஆனால் விசாரணை நடத்தி அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். திருடியதை சிசிடிவியில் பார்த்தாலும் விசாரணை விசாரணைதான். முதலாளிகளுக்கு இதுதான் சகிக்க முடிவதில்லை. "கண்ணால பாத்தேனுங்க, அப்புறம் என்ன விசாரணை?" என்கிறார்கள்.

ஆளே வராமல் நின்றுவிட்டார் என்று முதலாளி சொல்வதும், வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள் என்று தொழிலாளி சொல்வதும் இன்னொரு வகை. வேலைக்குத் திரும்பச் சொல்லி இரண்டு பதிவுத் தபால் அனுப்பியிருந்தால் முதலாளி பக்கம் நிற்க ஏதாவது இருக்கும். தொடர்ந்து வேலையில் இருந்தவர் என்று கணக்கில் வர, வருடத்தில் 240 நாள் வேலை பார்த்ததை முதலில் தொழிலாளிதான் காட்ட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவர் சத்தியம் செய்து சொன்ன பிறகு முதலாளி மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேட்டை) கொண்டுவராமல் மறைத்தால், நீதிமன்றம் அவருக்கு எதிராகவே எண்ணிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு எண் 480. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி என்று 1981-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் சொல்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள, பருவத்துக்கு மட்டும் ஓடாத நிறுவனங்களுக்கு இது. மில்களில் 470-ஆவது நாள் வாக்கில் ஆளை நிறுத்தி, கொஞ்ச நாள் கழித்து மறுபடி சேர்ப்பது எல்லாருக்கும் தெரிந்த தந்திரம், நீதிபதிகளுக்கும் தெரியும். நீக்கப்பட்ட 29 சட்டங்கள் எல்லாம் மத்தியச் சட்டங்கள். இது மாநிலச் சட்டம், அந்தப் பட்டியலில் கிடையாது.

பணிக்கொடையிலும் நம் மாவட்டத்துப் பெயர் ஒன்று வருகிறது. அதற்கு ஐந்து வருட வேலை வேண்டும் என்பது பொது விதி; அது முழு ஐந்தா? மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம், நான்கு வருடமும் ஐந்தாவது வருடத்தில் 240 நாளும் போதும் என்றது. இப்போது குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி எடுத்தவருக்கு ஒரு வருடத்திலேயே விகிதப்படி பணிக்கொடை உண்டு. விலகினாலும் நீக்கினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் முடிக்க வேண்டும். படிகளை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் மொத்தத்தில் பாதியாவது 'ஊதியம்' என்று கணக்கில் வரவேண்டும். 18,000 சம்பளத்தில் 6,000 மட்டும் அடிப்படை என்று எழுதி வைத்திருந்தவருக்குப் பணிக்கொடை இனி 9,000-க்குக் குறையாமல் கணக்காகும்.

கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது பற்றிச் சுருக்கமாக: கூடாது. சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. பயிற்சிக்குச் செலவழித்திருந்தால் நியாயமான தொகைக்கு பாண்டு எழுதிக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற வங்கி ஒன்றின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. விலகிய பிறகு எதிர்க் கடையில் சேரக் கூடாது என்று எழுதுவது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படியே செல்லாது.

குடும்பத் தொழில்கள் நிறைந்த ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுவனம் கைமாறினால் பழைய பிஎஃப் பாக்கி கூடவே வரும். வாங்கியவரிடமும் கேட்பார்கள், விற்றவரிடமும் கேட்பார்கள். அப்பா நடத்திய பட்டறையை அண்ணன் தம்பி பிரித்துக்கொள்ளும்போது மிஷின் யாருக்கு, கடை யாருக்கு, பேங்க் லோன் யார் தலையில் என்று பத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அப்பா காலத்தில் கணக்கில் ஏறாமல் விட்டுப்போன ஆட்களைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. புதிய தொகுப்பில் ஐந்து வருடத்துக்கு முந்தைய பாக்கிக்குப் புதிதாக விசாரணை தொடங்க முடியாது என்பது ஒரு நிம்மதி. மீதி ஐந்து வருடத்துக்கு யார் பொறுப்பு என்று பத்திரத்தில் எழுதினாலும் துறை இரண்டு பேரையும் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் கட்டியவர் மற்றவரிடம் பங்கு கேட்க அந்த வரி ஒன்றுதான் கையில் இருக்கும். பத்திரம் எழுதும்போதே ஆடிட்டரிடம் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.